நாற்பத்தெட்டு மில்லியன்

ஜூன் 3

அன்புள்ள சிட்டு,

போனில் பேசலாம்தான். நீ போனை எடுத்தால் பின்னாலேயே உன் அம்மாவின் குரல் வரும், "யாரு, அவளா?" என்று. கடிதம் என்றால் மாடிக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம்.

வந்து ஐந்து வாரம். ஒரே அறை. ஒரே ஜன்னல், அது மூடாது. வானிலை நிலையத்துக்கு நடந்தே போகிறேன். வேலை அதேதான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்க்கிறேன். மழைமானியில் தேங்கியதை அளக்கிறேன். எழுதுகிறேன். நிலையத்தைப் பெருக்க வரும் அம்மா முதல் நாளே கேட்டார்: "பிள்ளைங்க எத்தனை?" "மழை எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க, சொல்றேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது. அங்கே என்றால் அது அவ்வளவு சீக்கிரம் முடியாது.

மாறுதல் நானே கேட்டு வாங்கியது. உனக்குத் தெரியும். உன் மகளின் பிறந்தநாளன்று, அத்தனை பேருக்கு முன்னால் உன் அம்மா சொன்னது: "என் பிள்ளைக்கு என்ன குறை? ரிப்போர்ட்டே சொல்லுதே." உன் அண்ணன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கு நான் உன்மேல் கோபப்படவில்லை. நீ என்ன செய்வாய்.

இங்கே ஒரு டாக்டரைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். எல்லாக் காகிதமும் வேண்டும் என்கிறார். முட்டை வளர்கிறது, கருக்குழாய் திறந்திருக்கிறது, கணவரின் விந்தணுக்களும் நன்றாக இருக்கின்றன என்றால் மறுபடி லேப்ராஸ்கோப்பி செய்து உள்ளே பார்க்க வேண்டுமாம். முப்பதாம் தேதி என்று குறித்திருக்கிறார். போன தடவை வயிற்றில் போட்ட மூன்று துளைகள் நினைவிருக்கிறதா? பதினோரு நாள் நான் சிரிக்க முடியாமல் இருந்தேன். நீ வேண்டுமென்றே சிரிக்க வைத்தாய்.

உன் அண்ணனுக்குப் புதிதாக ஒரு பரிசோதனை எடுக்கச் சொன்னார். இவர் போனில்: "ஒரு தடவை குடுத்தாச்சு. என் தங்கச்சியே பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல என்ன?" சரி, பழைய ரிப்போர்ட்டையாவது கொடுங்கள் என்கிறார் டாக்டர். உன் லேபில் நகல் இருக்குமா? நீ பார்த்த பரிசோதனை என்பதால்தான் நான் இத்தனை வருஷம் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. வேறு லேப் என்றால் மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பேன்.

அண்ணி


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. மாடியில்தான் படித்தேன். உங்கள் நாத்தனார் நலம். நீங்கள் இல்லாததால் வீட்டில் சண்டை போட ஆள் இல்லாமல் அம்மா மிக்ஸியோடு சண்டை போடுகிறார். பாப்பா தினமும் "அத்தை ஆபீஸ் முடிஞ்சிருச்சா?" என்று கேட்கிறாள். ரொம்பப் பெரிய ஆபீஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணன் வேலைக்குப் போகிறார், வருகிறார். போன வாரம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஏழு பேர் மாட்டிக்கொண்டார்களாம். இவர் மேலே நின்றுகொண்டு அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டே சரிசெய்தாராம். வீட்டுக்கு வந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

ரிப்போர்ட் விஷயம். லேபில் கம்ப்யூட்டர் மாற்றிவிட்டார்கள். பழையது எடுக்க முடியுமா தெரியவில்லை. நான்கு வருஷம் ஆகிவிட்டது அல்லவா. எதற்கும் தேடுகிறேன். அண்ணி, பழைய ரிப்போர்ட்டை வைத்து டாக்டர்கள் முடிவு எடுக்க மாட்டார்கள். உடம்பு மாறும். அண்ணனை எப்படியாவது அங்கே வரவழைத்துப் புதிதாக எடுத்துவிடுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

அந்த ஆபரேஷன் அவ்வளவு அவசரமா? கொஞ்சம் தள்ளிப்போட முடியாதா? இதை (மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன், படிக்க முயற்சி செய்யாதீர்கள்) சும்மா கேட்கிறேன்.

அன்புடன்,
சிட்டு


ஜூன் 13

சிட்டு,

தேட வேண்டாம். என் பெட்டியிலேயே இருந்தது. பச்சை ஃபைல், மூன்றாவது உறை. நான் எதையும் தூக்கிப்போடுகிறவள் இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினேன். அறை நிறைந்துவிட்டது. கட்டிலில் ஏறித்தான் கதவுக்குப் போக முடிந்தது. முட்டை வளர்க்கும் மாத்திரை, பதினான்கு மாதம். அதற்கான ஸ்கேன்கள், ஒவ்வொரு மாதமும் மூன்று. ஊசி. கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. அன்று நான் கத்தியதில் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நர்ஸ் சொன்னது நினைவிருக்கிறதா? லேப்ராஸ்கோப்பி. மறுபடி மாத்திரை. இந்தப் பக்கம் என் காகிதம் அறுபத்து மூன்று. அந்தப் பக்கம் உன் அண்ணனுடையது ஒன்று.

ஒன்று. எண்ணிக்கை மில்லி லிட்டருக்கு நாற்பத்தெட்டு மில்லியன். அசைவு நல்லது. கீழே உன் கையெழுத்து.

அந்த ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பொறாமை என்று சொன்னால் சிரிப்பாய். ஒரே தாளில் ஒரு மனிதன் தப்பித்துவிடலாம் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கொடுக்கிறேன்.

நீ ஏன் தள்ளிப்போடச் சொன்னாய்? நீ சும்மா எதையும் கேட்கிறவள் இல்லை. இரண்டு வரி அடித்திருக்கிறாய். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். "அண்ணி, நான்" என்பது மட்டும் தெரிகிறது.

அண்ணி


ஜூன் 18

அண்ணிக்கு,

ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். முதலில் இதை எழுதிவிடுகிறேன். மற்றதை எழுத முடியாமல் போனாலும் இந்த வரி உங்களுக்கு வந்துவிட வேண்டும்.

அன்று அண்ணன் லேபுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும். எங்கள் லிஃப்ட்டைப் பார்ப்பதே அவர்தான். "அந்த ரூமுக்குள்ள நான் போறதை ரிசப்ஷன் பொண்ணு பார்க்கணுமா? மானம் போயிடும்." அதனால் வீட்டிலேயே எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். சொந்தக்காரர்களுடையதை நாங்கள் பார்க்கக் கூடாது. அதுவே முதல் தப்பு.

ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். குளிரக் கூடாது, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வருகிறவர்களிடம் தினமும் நான் சொல்வதுதான் இது. ஆனால் சாப்பாட்டுப் பையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். எனக்கு அப்போது ஏழாவது மாதம். வழியில் தலை சுற்றியது. மருந்துக்கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து விசிறினார். லேபுக்குப் போகும்போது ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். அசைவே இல்லை. ஒன்றிரண்டு நின்ற இடத்தில் துடித்தன.

நான் கெடுத்துவிட்டேன். அதை அப்படியே எழுதினால் அண்ணன்மேல் இல்லாத பழி. மாதிரி கெட்டுவிட்டது, மறுபடி எடுக்கவும் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் யார் கொண்டுவந்தது, ஏன் தாமதம் என்று தலைமை டெக்னீஷியன் கேட்பார். அடுத்த மாதம் மறுபடி எடுத்துச் சரிபண்ணிவிடலாம் என்று ஒரு நல்ல ரிப்போர்ட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் பாப்பா சீக்கிரமே பிறந்துவிட்டாள். நான் லேபுக்குத் திரும்பியபோது உங்கள் டாக்டர் அண்ணனை விட்டுவிட்டு உங்கள் பக்கம் வந்திருந்தார்.

ஒவ்வொரு தடவையும் உங்களோடு ஸ்கேனுக்கு வந்தேனே. ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். நம்ப மாட்டீர்கள்.

சிட்டு


ஜூன் 22

சிட்டு,

முப்பதாம் தேதியை ரத்து செய்துவிட்டேன்.

உன் கடிதத்தை நிலையத்தில், மழைமானிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். நான் இல்லை. நான் இல்லை, அவராகத்தான் இருக்கும். சத்தம் போட்டுச் சிரித்திருப்பேன், பெருக்குகிற அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியவருக்குக் குறை இருக்கலாம் என்று தெரிந்ததும் இப்படிக் குளிர்ந்துபோகிற ஒருத்தியை நான் இதற்கு முன் சந்தித்ததில்லை. அவளோடுதான் இரண்டு நாளாக ஒரே அறையில் இருக்கிறேன்.

உன்னைப் பற்றி.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு நாள் அளவெடுக்கத் தவறினால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். முந்தின நாளையும் மறுநாளையும் பார்த்து இவ்வளவு இருந்திருக்கும் என்று எழுதக் கூடாது. அப்படி எழுதுகிறவர்களை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். அவர்கள் ஒருபோதும் பூஜ்யத்தில் முடிகிற எண் எழுத மாட்டார்கள். ஐம்பது என்றால் பொய் மாதிரித் தெரியும் என்று நினைத்தாயா? நாற்பத்தெட்டு. யோசித்துத்தான் போட்டிருக்கிறாய்.

இன்னொன்று. டாக்டரிடம் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை, "லேப்ல தாமதமாயிடுச்சாம்" என்று மட்டும். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "தாமதமானா அசைவு குறையும்மா. எண்ணிக்கை எப்படிக் குறையும்? செத்தாலும் அங்கேதானே கிடக்கும்? எண்ணலாமே." நகம் வெட்டுவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

நீ பதினோரு வருஷம் அந்த மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள். நான் மழையை அளக்கிறவள். எனக்குத் தெரியாதது உனக்கும் தெரியாதா?

எண்ணினாயா?


ஜூன் 26

அண்ணி,

எண்ணினேன்.

இரண்டு மில்லியன். குறைந்தது பதினைந்து இருக்க வேண்டும். நம்பாமல் இரண்டாவது தடவை கண்ணாடித் தகட்டைக் கழுவி வைத்து எண்ணினேன். இரண்டுக்கும் கீழே வந்தது.

குளிர்ந்ததால் என்று சொல்லிக்கொண்டேன். அது அசைவுக்கு. எண்ணிக்கைக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றே தெரியும், போன கடிதம் எழுதும்போதும் தெரியும். உண்மையைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அதிலும் எனக்குக் கொஞ்சம் நிழல் ஒதுக்கிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நானே கேட்டுப் பார்த்ததில் கிடைத்தது இவ்வளவுதான்.

குனிந்து எண்ணிக்கொண்டிருந்தபோது என் வயிறு மேஜையில் இடித்தது. உள்ளே பாப்பா உதைத்தாள். எனக்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது. கல்யாணமான நான்காவது மாதமே நின்றுவிட்டது. அண்ணன்தான் என்னைப் படிக்கவைத்தார். அவரிடம் போய், இந்த வயிற்றோடு நின்று, உனக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். முடியவில்லை.

உங்களிடம் சொல்வது? நீங்கள் தாங்குவீர்கள் என்று தோன்றியது. அதுதான் அண்ணி நான் செய்தது. யார் தாங்குவார்கள் என்று பார்த்து அவர் தலையில் வைத்தேன். எல்லோரும் உங்களைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள், அவ நல்லா தாங்குவா. நானும் சொல்லியிருக்கிறேன், பாராட்டு மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லப்போகிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம். அந்த வேலையையும் உங்களுக்கு வைக்க மாட்டேன்.

சிட்டு


ஜூலை 6

அண்ணிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம், சாப்பிடும்போது. என் வீட்டுக்காரர் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார், நான்தான் போகச் சொன்னேன். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். நான்கு வாக்கியம். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அண்ணன் மெல்லுவதை நிறுத்தவில்லை. விழுங்கிவிட்டுக் கேட்டார்: "எத்தனை?"

"ரெண்டு."

"எத்தனை இருக்கணும்?"

"பதினஞ்சாவது இருக்கணும்."

"நீ என்ன எழுதின?"

"நாப்பத்தெட்டு."

"அடேயப்பா. தாராளமா மார்க் போட்டிருக்க."

சிரித்தார். எழுந்து கை கழுவினார். குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, அவர் கையை அதன் கீழேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் போய் நிறுத்தினேன். என் கையைத் தள்ளிவிட்டார். இதுவரை அவர் என்னைத் தொட்டுத் தள்ளியதில்லை.

அம்மா, "சாப்பாட்டு நேரத்துல பேசுற பேச்சா இது?" என்றார். அவ்வளவுதான். பிறகு பாத்திரம் தேய்க்கும்போது, என் பக்கம் திரும்பாமல்: "அவளை அவ்வளவு பேச வெச்சுட்டியேடி என்னை."

நான் பேசவைத்தேனாம். இரண்டு நாள் அதற்குக் கோபப்பட்டேன். பிறகு, அதுவும் சரிதான் என்று தோன்றியது. பாதி சரி. மீதிப் பாதி அம்மாவுடையது. அதை நான் தூக்க மாட்டேன்.

லேபிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமை டெக்னீஷியன் இரண்டு தடவை படித்தார். "இதை யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களேம்மா" என்றார், வருத்தமாக. இப்போது என் கையெழுத்தில் ரிப்போர்ட் போகக் கூடாது. ரத்தம் எடுக்கிறேன், குப்பிகளில் பெயர் ஒட்டுகிறேன். நான் கையெழுத்துப் போட்ட பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் சரிபார்க்கிறார்கள். வேறு எதிலும் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அதை நான் சொன்னால் யார் நம்புவார்கள்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நேற்று விடுப்புக்கு எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். உங்களிடம்தான் வருவார் என்று நினைக்கிறேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதிப் பார்த்தேன். அது உங்களிடம் இன்னொன்று கேட்பது மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

சிட்டு


ஆகஸ்ட் 19

சிட்டு,

உன் அண்ணன் வந்தார். ஒரு பையோடு வாசலில் நின்றார். "ஜன்னல் மூடலையா?" என்று கேட்டார். முதல் வார்த்தை அதுதான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு மணி நேரம் ஜன்னலோடு இருந்தார். நானும் விட்டுவிட்டேன். பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு ரிப்போர்ட்டை நீட்டும்போது சிட்டு மூஞ்சியைப் பார்த்தேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஏதோ இருக்குன்னு தோணுச்சு. கேக்கலை."

நான்கு வருஷம், கேட்காமல். நீ எழுதிய பொய்யின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டவர் அவர். மறுபடி பரிசோதனைக்கு மாட்டேன் என்று ஏன் சொன்னார் என்று இப்போது தெரிகிறதா? உன் பாரம் இதனால் குறைகிறது என்று நினைக்காதே. இரண்டு பேர் தூக்கினால் பாதியாகிற பொருள் இல்லை இது. ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு தடவை, மூன்று வார இடைவெளியில் பரிசோதனை எடுத்தார்கள். அந்த ரூமுக்குள் அவரேதான் போனார். இரண்டு, இரண்டரை. விதைப்பைக்கு மேலே ஒரு நரம்பு புடைத்திருக்கிறதாம். அங்கே சூடு தேங்கினால் விந்தணு குறையுமாம். சின்ன அறுவைசிகிச்சையில் கட்டிவிடலாம். விந்தணு உருவாகி வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதனால் செய்த பிறகு காத்திருந்துதான் பார்க்க வேண்டும். பலருக்கு எண்ணிக்கை கூடும், சிலருக்குக் கூடாது. நான்கு வருஷத்துக்கு முன் என்றால் அதைச் செய்துவிட்டுச் சும்மா காத்திருக்கச் சொல்லியிருப்பேன் என்றார் டாக்டர். இப்போது அப்படிக் காத்திருக்க என்னிடம் காலம் இல்லை. ஸ்கேனில் முட்டைப் பைகளை எண்ணினார்கள். முப்பத்திரண்டு வயதில் எடுத்த ஸ்கேனில் பதினான்கு. இப்போது ஆறு.

இந்த எண்ணை நீ படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அதனால் முட்டைகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் வைக்கும் வழி. "அதுக்கு மில்லியன் எல்லாம் வேண்டாம், உயிரோட நாலஞ்சு இருந்தாப் போதும்" என்றார். மூன்று பேருக்குச் செய்தால் ஒருவருக்கு நிற்கும், சில நேரம் அதுவும் இல்லை என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்தோம். யோசித்தோம். ஒரு தடவை செய்து பார்க்கிறோம். ஒரே ஒரு தடவை. நிற்காவிட்டால் நான் என் உடம்பை இறக்கி வைத்துவிடுவேன். அவருக்கும் சம்மதம். அம்மாவிடம் அவரே சொல்லிக்கொள்வார்.

இன்னொன்று இருக்கிறது.

இரண்டாவது பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருந்தோம். அந்த வரிசை நாற்காலிகளில் எல்லாம் பெண்கள், நடுவில் இவர் மட்டும். இத்தனை வருஷத்தில் எத்தனை முறை நான் அப்படி உட்கார்ந்திருப்பேன், இவர் கீழே டீக்கடையில் நிற்பார். அன்று நர்ஸ் கதவைத் திறந்து அவர் பெயரைக் கூப்பிட்டார். என் பெயரை இல்லை. இவர் எழுந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். கையை லேசாக என் பக்கம் நீட்டினார், நீட்டியது அவருக்கே தெரிந்திருக்காது.

நான் அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கைப்பையில் எதையோ தேடினேன். எதையும் தேடவில்லை. உள்ளுக்குள் என் காகிதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நீயும் தனியாக இருந்து பார், இருந்து பார் என்று இருந்தது. அவர் தனியாக உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பிறகுதான் எழுந்து போனேன். கதவுப்பிடியில் கை வைத்தபோது டாக்டர் எண்ணைச் சொல்லி முடித்திருந்தார்.

அவர் இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை. கவனிக்கவில்லையோ என்று சில நேரம் நினைக்கிறேன். கவனித்திருப்பார்.

இதை அவரிடம் சொல்ல முடியாது. என் தோழிகளிடம் முடியாது. அவர்களுக்கு நான் நான்கு வருஷம் அநியாயமாகத் துன்பப்பட்டவள். டாக்டரிடம் சொல்லுவதற்கு இது நோய் இல்லை. யோசித்துப் பார்த்தால், ஒருவரைத் தனியாகத் தாங்கவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது எப்படி என்று தெரிந்தவள், எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். உன்னைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதில் எழுது. சமாதானம் எழுதாதே.

அண்ணி